சும்மா இருந்த நாற்பது கணினிகள்

திங்கட்கிழமை காலை கணினி அறையின் கதவைத் திறந்ததும் கருகல் நெடி முகத்தில் அடித்தது. கணினி டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விளக்கைப் போட்டாள். நாற்பது கணினிகளும் உறை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடைசி வரிசையில் முப்பத்தாறாம் எண் பெட்டியின் உறை மட்டும் ஒரு பக்கம் உருகிச் சுருண்டிருந்தது. அதன் பின்னால் சுவரில் ஒரு முழ உயரத்துக்குக் கரி ஏறியிருந்தது. தீ பிடித்து, தானாகவே அணைந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் பரவியிருந்தால் ஜன்னல் திரையும் பிடித்திருக்கும்.

என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறையைப் பூட்டும்போது அவள்தான் அட்டெண்டரிடம் சொன்னாள். "அண்ணே, கடைசி வரிசை ஆறையும் அணைக்க வேண்டாம். திரையை மட்டும் அணைச்சுடுங்க. பெட்டி ஓடட்டும். திங்கக்கிழமை நான் வந்து பாத்துக்கறேன்."

"சரி டீச்சர்" என்றார் அவர். திரைகளை அணைத்தார். பிறகு, தினமும் செய்வதுபோல, எல்லாவற்றுக்கும் உறை போட்டுவிட்டுப் போனார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மூடி. திறந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். தண்ணீர் டம்ளர், மைப்புட்டி, சாக்பீஸ் டப்பா, எல்லாவற்றுக்கும் ஒரு மூடி கண்டுபிடித்துவிடுவார். பள்ளிக்கூடத்தை ஒட்டி லாரிகள் போகும் மண் சாலை. புழுதி உள்ளே வராத நாள் கிடையாது. பழைய ஆண்டு விழா பேனர்களை வெட்டி நாற்பது கணினிகளுக்கும் அவரே உறை தைத்திருந்தார். ஒரு கணினியின் தலையில் 'வருக வரு' என்று இருக்கும். இன்னொன்றின் மேல் யாரோ ஒரு சிறப்பு விருந்தினரின் காதும் பாதிக் கண்ணாடியும். பிளாஸ்டிக் துணி. ஒரு துளி புழுதி புகாது. காற்றும் புகாது.

உறை போட வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அணைத்த பெட்டிக்கு உறை போடுவது அவருடைய வேலை; ஓடுகிற பெட்டிக்கு உறை போட்டால் என்ன ஆகும் என்பது அவளுடைய படிப்பு. இரண்டரை நாள், முழு வேகத்தில், மூச்சு விட வழியில்லாமல் ஆறு பெட்டிகளும் வெந்திருக்கின்றன. அதில் ஒன்று எரிந்துவிட்டது.

மணி எட்டேகால். முதல் வகுப்புக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அவள் மற்ற ஐந்து கணினிகளின் முன்னால் ஒவ்வொன்றாக உட்கார்ந்தாள். தான் வெள்ளிக்கிழமை ஏற்றிய நிரலை நீக்கினாள். ஐந்து நிமிட வேலை. கடைசிக் கணினியில் 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்று ஒரு சின்னக் கட்டம் கேட்டது. 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

அதன் பிறகே போய்த் தலைமை ஆசிரியையிடம் சொன்னாள்.

தலைமை ஆசிரியை வந்து சுவரைப் பார்த்தார். உறையைத் தொட்டுப் பார்த்தார். அட்டெண்டரைக் கூப்பிட்டனுப்பினார். "வெள்ளிக்கிழமை இதையெல்லாம் அணைச்சீங்களா இல்லையா?"

மூடி அண்ணன் முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு கணினி டீச்சரின் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடிதான். "மறந்துட்டேன்மா" என்றார். "அணைக்க மறந்து உறையைப் போட்டுட்டேன்."

டீச்சர் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லி முடித்துவிட்டார் என்பது உண்மை. அதற்குப் பிறகும் அவளுக்கு வாய் இருந்தது என்பதும் உண்மை.

"பிள்ளைங்க உள்ள இருந்தப்ப பிடிச்சிருந்தா?" என்று கேட்டுவிட்டுத் தலைமை ஆசிரியை போய்விட்டார். மத்தியானமே செய்தி வந்துவிட்டது. வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. அதில் இரண்டு விஷயங்கள். ஒன்று, அட்டெண்டரின் கவனக்குறைவு. இன்னொன்று, கணினி டீச்சரின் கோரிக்கை.

*

அந்தக் கோரிக்கைக்கு வயது எட்டு மாதம்.

அவளுடைய தம்பிக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துப்போகும் நோய். இருபது வயதில் கைத்தடி, இருபத்தாறில் சக்கர நாற்காலி. இப்போது முப்பத்தொன்று. விரல்கள் மட்டும் இன்னும் அவன் சொல் கேட்கின்றன. வாய் எப்போதும்போல யார் சொல்லும் கேட்பதில்லை. அவன் மேசைக்கு அடியில் ஒரு பழைய கணினி இரண்டு வருடமாக ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு அவன் வைத்த பெயர் கிழவி.

ஒரு மருந்தைத் தேடும் ஆராய்ச்சியாளர்கள் கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு பெரிய கணினி அவர்களிடம் கிடையாது. அதனால் கணக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இணையத்தின் வழியாக உலகத்தில் எங்கெங்கோ சும்மா இருக்கும் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். கணினியின் சொந்தக்காரர் எழுந்து போனால் அது ஒரு துண்டை எடுத்துப் போட்டு விடையை அனுப்பும். அவர் திரும்பி வந்தால் நிறுத்திக்கொள்ளும். யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். சும்மா இருக்கும் நேரத்தைக் கொடுத்தால் போதும்.

கிழவி போடுவது தம்பியின் நோய்க்கான கணக்கு அல்ல. குழந்தைகளுக்கு வரும் ஒரு ரத்த நோய்க்கானது. "என் வியாதிக்கு இப்போ யாரும் கணக்கு அனுப்பறதில்ல" என்பான் அவன். "அதுக்காக மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க முடியுமா? பக்கத்து வீட்டுக் கணக்கைப் போட்டுக் குடுப்போம். என்னால ஓட முடியல, இவளாவது ஓடட்டும்."

ஒரு நாள் அவன்தான் கேட்டான். "உன் பள்ளிக்கூடத்துல நாப்பது இருக்கே அக்கா. நாலு மணிக்கு மேல அதுங்களுக்கு என்ன வேலை? ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு உக்காந்திருக்குதா?"

அவன் அதிகமாக எதுவும் கேட்கிறவன் அல்ல. அதனால் அவள் பள்ளியில் கேட்டாள். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தாள். கடிதம் ஒரு கோப்பில் போய்த் தூங்கியது. மறுபடி எழுதினாள். கடைசியில் குழுவில் வைக்கலாம் என்று பதில் வந்தது. எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எவ்வளவு சூடாகும் என்று கேட்பார்கள். கையில் கணக்கு இருக்கட்டும் என்று நினைத்தாள். இயற்பியல் சாரிடம் மின்சாரம் அளக்கும் மீட்டரைக் கடன் வாங்கி, கடைசி வரிசையில் ஆறு கணினிகளில் சோதனை போட்டாள். அனுமதி வாங்குவதற்காகத்தான் சோதனை. சோதனைக்கே அனுமதி கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதைத் தள்ளி வைத்தாள்.

இப்போது உண்மையைச் சொன்னால் கோரிக்கை அங்கேயே செத்துவிடும். சொல்லாவிட்டால் மூடி அண்ணன் போய்விடுவார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. பள்ளி கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில்தான் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும்.

'முதலில் அனுமதி கிடைக்கட்டும். அப்புறம் தனியாகப் போய்த் தலைமை ஆசிரியையிடம் அண்ணனுக்காகப் பேசலாம்' என்று செவ்வாய்க்கிழமை முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை அதையே கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் தம்பி ஒத்திகை பார்க்கலாம் என்றான். முதுகை நிமிர்த்தி, தொண்டையைக் கனைத்து, தாளாளர் ஆனான்.

"சொல்லுங்க டீச்சர். இதனால நம்ம பள்ளிக்கு என்ன லாபம்?"

"லாபம் எதுவும் இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு இந்த ஆட்டம்?"

"சும்மா இருக்கறதைத்தான் குடுக்கறோம். நம்மகிட்ட எதுவும் குறையப்போறதில்ல. யாரோ ஒரு குழந்தைக்கு ஒரு நாள் முன்னாடி மருந்து கிடைச்சா அதுவே பெருசு."

"ஆகா! கண்ணுல தண்ணி வருது. பாஸ். அடுத்த கேள்வி." அவன் சிரித்தபடியே கேட்டான். "தீ கீ பிடிச்சுக்குமா?"

அவள் கையிலிருந்த டம்ளர் தட்டில் மோதிச் சத்தம் போட்டது.

"என்னக்கா? இதுக்குப் பதில் தெரியாதா?"

"தலை வலிக்குது" என்று எழுந்துகொண்டாள்.

மேசைக்கு அடியில் கிழவி விடாமல் ஓடிக்கொண்டிருந்தாள். தம்பி அக்காவின் முதுகைப் பார்த்தான்.

தினமும் காலையில் வேலைக்குப் புறப்படும் முன் கடவுளிடம் பேர் பேராகச் சொல்லி வேண்டிக்கொள்வது அவள் வழக்கம். தம்பியில் தொடங்கி, பக்கத்து வீட்டு அக்கா, முதல் பெஞ்சு வாயாடி, இருமிக்கொண்டே இருக்கும் பஸ் டிரைவர் என்று அந்தப் பட்டியல் போகும். வியாழக்கிழமை காலை மூடி அண்ணனின் இடம் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. 'அவருக்கு நல்லது செய்' என்று சொல்லலாம்தான். 'நீ செய்யக்கூடியதை என்னிடம் ஏன் கேட்கிறாய்' என்று யாரோ திருப்பிக் கேட்பதுபோல இருந்தது. பட்டியலை முடிக்காமலே எழுந்து போனாள்.

*

கூட்டம் மூன்று மணிக்கு, தலைமை ஆசிரியையின் அறையில். வெளியே பெஞ்சில் மூடி அண்ணன் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை. கையில் நான்காக மடித்த காகிதம், மன்னிப்புக் கடிதம். உள்ளே மேசை மேல் இருந்த மூன்று தண்ணீர் டம்ளர்களுக்கும் மூடி போட்டிருந்தது. இன்றைக்கும் அதைச் செய்துவிட்டுத்தான் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணே..." என்றாள் அவள்.

"உள்ள போங்க டீச்சர். கூப்பிடறாங்க." அவர் அவளைப் பார்க்கவில்லை.

உள்ளே தாளாளர், தலைமை ஆசிரியை, ஆசிரியர்கள் சார்பில் இயற்பியல் சார். தாளாளர் பள்ளிக்கூடத்தைத் தன் வீடு மாதிரி பார்ப்பவர். அதனாலேயே உள்ளே வரும் எதையும் சந்தேகத்தோடு பார்ப்பவர்.

"நல்ல விஷயத்தை முதல்ல முடிச்சுடுவோம்" என்றார். "உக்காருங்க டீச்சர். உங்க கடிதத்தைப் படிச்சேன், ரெண்டு தடவை. பாதி புரிஞ்சுது. மீதியை வாயால சொல்லுங்க."

அவள் சொன்னாள். எட்டு மாதமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லி வழவழப்பான சொற்கள். நன்றாகவே வந்தன. தாளாளர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். எவனோ ஊர் பேர் தெரியாதவன் வீட்டு மெஷின் ஒரு விடையை அனுப்புது. அதை எப்படி நம்பறாங்க?"

"ஒரே துண்டை ரெண்டு மெஷினுக்கு அனுப்புவாங்க சார். ஒண்ணுக்கு இன்னொண்ணைத் தெரியாது. ரெண்டு விடையும் ஒத்துப்போனாத்தான் எடுத்துக்குவாங்க. ஒருத்தர் சொல்றதை மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க."

"பரவாயில்லையே! நம்ம ஸ்டாப் ரூமுக்கு இதை வாங்கிப் போடணும்."

இயற்பியல் சார் பெரிதாகச் சிரித்தார். அவளும் சிரித்தாள். தான் சொன்னது தன் காதிலேயே போய்க் குத்தியது.

"மெஷின் சூடாகுமா?"

"ஆகும் சார். காத்தோட்டம் இருந்தா ஒண்ணும் பண்ணாது."

"எங்கேயாவது ஓட்டிப் பாத்திருக்கீங்களா?"

"என் தம்பி வீட்ல ரெண்டு வருஷமா ஓட்டறான் சார். ஒரு நாள்கூடப் பிரச்சினை வந்ததில்ல."

அதில் பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

"ஓகோ, அதுக்குத்தான் என் மீட்டரை வாங்கிட்டுப் போனீங்களா?" என்றார் இயற்பியல் சார். "நான் நம்ம லேபுக்குன்னு நெனச்சேன்."

"வீட்டுக்குத்தான் சார்" என்றாள்.

தலைமை ஆசிரியை தலையாட்டினார். "பிள்ளைங்களுக்கும் நல்லதுதான் சார். தன்னால முடிஞ்சதைத் தெரியாதவங்களுக்குக் குடுக்கணும்னு நாம வகுப்புல சொல்றோம். கண்ணுக்கு முன்னாடி ஒண்ணு ஓடினா நல்லா இருக்கும்."

தாளாளர் பேனாவைத் திறந்தார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "நாற்பது கணினிகளிலும்... வகுப்பு முடிந்த பிறகு... அனுமதிக்கப்படுகிறது." ஒரு புள்ளி வைத்தார். "முடிஞ்சுது. உங்க தம்பிகிட்ட சொல்லுங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. எட்டு மாதம்.

"அப்போ அடுத்தது மூடி" என்றார் தாளாளர் அதே மூச்சில். "முதல்ல ஒரு எச்சரிக்கையோட விடலாம்னுதான் நெனச்சிருந்தேன். இப்போ முடியாது. நாப்பது மெஷின் சாயங்காலமெல்லாம் ஓடப்போகுது. அணைக்க மறக்கற ஆளை அங்க வெச்சிருக்க முடியுமா? இந்த மாசக் கடைசியோட அனுப்பிடுவோம். அறையைக் காலி பண்ண ஒரு வாரம் சேத்துக் குடுங்க. கூப்பிடுங்க அவரை."

இயற்பியல் சார் எழுந்து கதவுக்குப் போனார்.

இரண்டு விஷயம் என்று நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒன்றாகிவிட்டது. அவளுக்குக் கிடைத்த அனுமதிதான் அவரை வெளியே தள்ளுகிறது. இனி அவருக்காகத் தனியாகப் போய்ப் பேச எதுவும் மிச்சம் இல்லை.

"கூப்பிடாதீங்க சார்" என்றாள். தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

இயற்பியல் சாரின் கை தாழ்ப்பாளில் நின்றது.

"அவர் மறக்கல. நான்தான் அணைக்க வேண்டாம்னு சொன்னேன்."

அவள் நிறுத்தாமல் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தாள். "மீட்டர் வீட்டுக்கு இல்ல. லேபுக்குத்தான். கடைசி வரிசை ஆறு மெஷின்ல யாரையும் கேக்காம இதை ஓட்டிப் பாத்தேன். உறை போடாதீங்கன்னு அவர்கிட்ட சொல்ல எனக்குத் தோணல. அவர் தன் வேலையைச் செஞ்சார். திங்கக்கிழமை காலையில மத்த அஞ்சுலயும் நானே அழிச்சுட்டேன், யாரும் பாக்கறதுக்கு முன்னாடி. அப்புறம்தான் மேடம்கிட்ட வந்து சொன்னேன்."

தாளாளர் பேனாவை மெல்ல மூடினார். "திங்கக்கிழமை. இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"நாலு நாள். ஏன் சொல்லல?"

"சொன்னா இது கிடைக்காதுன்னு பயம் சார்."

"இப்போ மட்டும் கிடைக்குமா?"

"கிடைக்காது."

"தெரிஞ்சுதான் சொல்றீங்க."

"ஆமா சார்."

அவர் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்தார். சற்று முன் எழுதிய வரியின் மேல் ஒரு கோடு போட்டார். அழுத்திப் போட்டதில் காகிதம் கிழிந்தது. "இப்போ கூப்பிடுங்க அவரை" என்றார்.

மூடி அண்ணன் வந்து, காகிதத்தை நீட்டினார். தாளாளர் அதை வாங்கவில்லை. "டீச்சர் அணைக்க வேண்டாம்னு சொன்னாங்களா?"

அவர் டீச்சரைப் பார்த்தார். "சொன்னாங்க."

"அப்புறம் ஏன்யா மறந்துட்டேன்னு சொன்னீங்க?"

அவர் காகிதத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். "எனக்கு ரெண்டு வருஷமா கண்ணு சரியா தெரியறதில்லீங்க. ஒரு நாள் தப்பான சுவிட்சை அணைச்சு, பரீட்சை நடக்கும்போது ஒரு வரிசையே அணைஞ்சு போச்சு. மறுநாள் வந்து பாத்தா எல்லா சுவிட்சுலயும் இவ்வளவு பெருசா எண்ணு ஒட்டியிருக்கு. பிள்ளைங்க வசதிக்குன்னாங்க டீச்சர். பிள்ளைங்களுக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய எழுத்து? அதுங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு." சற்று நிறுத்தினார். "அன்னிக்கு அவங்க என்னைப் பத்தி உங்ககிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லல."

தாளாளர் குறிப்பேட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார். பிறகு முடிவுகளைச் சொன்னார். குரலில் கோபம் குறையவில்லை. அட்டெண்டர் தொடர்வார், முதலில் கண் டாக்டரைப் பார்ப்பார். டீச்சருக்கு மெமோ. கோரிக்கை நிராகரிப்பு. கணினி அறையின் சாவி இனி அட்டெண்டரிடம். டீச்சர் தினமும் அவரிடம் கேட்டுத் திறக்க வேண்டும்.

வெளியே வரும்போது தலைமை ஆசிரியை அவள் பக்கத்தில் நடந்தார். "இன்னிக்குச் சொன்னதைத் திங்கக்கிழமையே என்கிட்ட சொல்லியிருந்தா, நான் உங்க பக்கம் நின்னிருப்பேன்" என்றார். திட்டுவதுபோல இல்லை. வருத்தம்தான் தெரிந்தது. அதற்குத் திட்டே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

*

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாப்பதும் போச்சா?"

"போச்சுடா."

"போகட்டும். ஒரு மனுஷனை வீட்டை விட்டு அனுப்பிட்டு அங்க நாப்பது ஓடுதுன்னா, இங்க நான் இவளை எப்படி ஓட்டறது?" பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. "எட்டு மாசம் கெஞ்சி, அரை நிமிஷம் அனுமதி வாங்கியிருக்க. நம்ம குடும்பத்துக்கே இது பெருமை."

அவள் சிரிக்கவில்லை.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

"கமிட்டியில எல்லார் முன்னாடியும்..."

"அது கமிட்டிக்குக் கேட்டது. அவர்கிட்ட?"

மறுநாள் காலை அரை மணி நேரம் முன்னதாகவே கேட்டை ஒட்டிய அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் ஒரு பெரிய மூட்டை. அவர் மனைவி அதை அவிழ்த்து, ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் "வாங்க" என்று சொல்லவில்லை.

மூடி அண்ணன் சாவியோடு வெளியே வந்தார்.

"மன்னிச்சுடுங்க அண்ணே" என்றாள்.

அவர் முன்னால் நடந்தார். வராந்தா பாதி தாண்டியதும்தான் பேசினார். "உள்ள கேட்டாங்க, உங்களைப் பத்தி நல்லதைச் சொன்னேன். அது பொய்யில்ல. ஆனா செவ்வாக்கிழமையே அவ பாத்திரத்தைக் கட்ட ஆரம்பிச்சுட்டா டீச்சர். நான் பழியை ஏத்துக்கிட்டது என் இஷ்டம். நீங்க நாலு நாள் வாயைத் திறக்காம இருந்தது யார் இஷ்டம்?"

"என் இஷ்டம்தான்."

"ஆமா." அவர் கதவைத் திறந்தார். "அந்த நாலு நாளும் உங்க முகத்தைப் பாக்கவே பிடிக்கல."

அவள் ஒரு வாளித் தண்ணீரும் தேய்க்கும் நாரும் எடுத்துவந்து கடைசி வரிசைச் சுவரில் கரியைத் தேய்க்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இன்னொரு நாரை எடுத்துக்கொண்டு வந்து மேல் பகுதியைத் தேய்த்தார். கரி நீர் இரண்டு பேரின் முழங்கை வரை வழிந்தது.

"அது என்ன கணக்கு?" என்று திடீரென்று கேட்டார். "என் வேலையே போகப் பாத்துது. என்னன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

அவள் சொன்னாள். குழந்தைகளின் ரத்த நோய் பற்றி, துண்டு துண்டாக வரும் கணக்கு பற்றி, ஓட முடியாத தம்பி ஓட்டும் கிழவி பற்றி. அவர் கேட்டுக்கொண்டே தேய்த்தார். நடுவில் ஒரே ஒரு கேள்விதான். "தம்பிக்கு அதனால குணம் ஆகாதா?"

"ஆகாது அண்ணே."

"தெரிஞ்சே ஓட்டறாரா?"

"தெரிஞ்சேதான்."

அவர் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு கைபேசியை எடுத்தார். "மக வாங்கிக் குடுத்தது. பேசறதுக்கு ஆள் இல்ல. பாதி நேரம் சார்ஜுலயே கிடக்குது. இதுல ஓடுமா?"

"ஓடும்."

"சூடாகுமா?"

"ஆகும்." அவள் நாரைக் கீழே வைத்தாள். அவசரப்படாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். "சார்ஜுல இருக்கும்போது மட்டும் ஓடற மாதிரி வைக்கணும். தலையணைக்கு அடியில வைக்கக்கூடாது. மேல எதையும் போடக்கூடாது. நீங்க வீட்ல இல்லாதப்போ ஓட விடக்கூடாது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தேயலாம். முக்கியமா, உங்க வீட்டுக்காரம்மாகிட்ட முதல்ல கேக்கணும்."

"இவ்வளவு இருக்கா இதுல?"

"இருக்கு அண்ணே."

"அன்னிக்கு ஒரு வரியோட முடிச்சுட்டீங்களே."

"ஆமா. முடிச்சுட்டேன்."

அவர் கைபேசியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் மணி அடித்தது. தூரத்தில் பிள்ளைகள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

"அவகிட்ட நான் கேட்டுட்டு வர்றேன்" என்றார். "சாயங்காலம் போட்டுக் குடுங்க. ஆனா, நிறுத்தறது எப்படின்னு முதல்ல காட்டுங்க."